செக்கிங் கண்

1985இல் எனக்கு 15 வயது. திருப்பூர் ராயபுரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது எடுபிடி உதவிக்குச் சேர்ந்து, செக்கிங் மேசைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஞாயிறு மேட்னிக்குச் செக்கிங் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூட்டாகப் போவோம். தனியாகப் போக யார் வீட்டிலும் விடமாட்டார்கள். அப்படிப் போன ஒரு ஞாயிறில் பார்த்ததுதான் 'சின்ன வீடு'. பாக்யராஜ் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். அதனால் எங்கள் ஊரில் அவர் படம் என்றால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவது போலக் கூட்டம் சேரும்.

டைட்டிலில் வரும் எல்லாப் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படிப்பது என் பழக்கம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். அதற்குப் பிறகு எனக்கென்று இருந்த பாடப்புத்தகம் பஸ் போர்டுகளும் சினிமா டைட்டிலும்தான். அன்றைக்கு 'ஒளிப்பதிவு' என்ற சொல்லோடு பி.ஆர்.விஜயலட்சுமி என்ற பெயர் வந்துபோனது.

இடைவேளையில் மூத்த செக்கிங் அக்காவிடம் கேட்டேன்.

"ஒளிப்பதிவுன்னா என்னங்க்கா?"

"கேமரா புடிக்கறது புள்ள."

"பொம்பளை பேரு போட்டிருக்குதுங்களே?"

அக்கா கடலை உரிப்பதை நிறுத்தி யோசித்தார். "அவிய வீட்டுக்காரரு புடிப்பாரா இருக்கும். ராசிக்குப் பொண்டாட்டி பேரைப் போட்டிருப்பாரு. நம்ம மொதலாளி கம்பெனிக்கு அவிய அம்மா பேரு வெக்கல?"

எங்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊர் முழுக்கக் கம்பெனிப் பலகைகளில் அம்மாக்களும் மனைவிகளும் மகள்களும் இருந்தார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் பெரும்பாலும் கம்பெனி வாசலை மிதித்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து, லேபிள் சுற்றி வந்த அட்டையின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்தேன்.

செக்கிங் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறகு செய்த எல்லாமே அந்த மேசையிலிருந்து வந்ததுதான். மேசைக்கு மேல் தாழத் தொங்கும் இரண்டு டியூப் லைட். தைத்த பனியன் கட்டுக்கட்டாக வந்து விழும். ஒரு பீஸை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை, அடிமடிப்பு, உள்பக்கத் தையல் என்று ஒரு சுற்றுத் திருப்ப அரை நிமிசம்கூடக் கிடையாது. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஓவர்லாக் பிடிக்காமல் விட்ட இடம், நிட்டிங்கிலேயே விழுந்த கோடு, துணியின் குறுக்கே ஓடும் பட்டை எல்லாவற்றையும் அந்த ஒரு சுற்றிலேயே பிடித்தாக வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடினால் நேரம் போய்விடும். நல்ல இடமெல்லாம் ஒன்றாகக் கரைந்துபோய், கெட்ட இடம் மட்டும் தானே எழுந்து வந்து கண்ணில் குத்த வேண்டும். "துணியைப் பாக்காத புள்ள, வெளிச்சம் எங்க தட்டுதுன்னு பாரு" என்பார் அக்கா. பீஸை விளக்குக்கு நேராகப் பிடித்தால் தெரியாத கோடு, சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒளிப்பதிவாளர்கள் பக்கவாட்டு வெளிச்சம் என்று சொல்வது இதைத்தான் என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருசம் ஆக வேண்டியிருந்தது.

அப்புறம் வெள்ளை. வெளியே இருப்பவர்களுக்கு வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதான். எங்களுக்கு ஹாஃப் ஒயிட் வேறு, ஃபுல் ஒயிட் வேறு. சாயம் ஏற்றுவதற்காக, டினோபால் என்ற வெண்மையூட்டி போடாமல் வெளுத்து மட்டும் வரும் ஆர்எஃப்டி துணி வேறு. மூன்றையும் கலந்து போட்டாலும் கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவோம்.

இந்தக் கண்ணுக்குக் கிடைத்த கூலி, பவர் மேசையில் உட்கார்ந்து தைக்கும் டெய்லரின் கூலியைவிடக் குறைவு. அப்போது டெய்லர்களில் பெரும்பாலோர் ஆண்கள். செக்கிங்கில் இருந்த அத்தனை பேரும் பெண்கள். முந்தைய வருசம்தான், 1984இல், பஞ்சப்படி கேட்டு ஊரே மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தது. அந்தப் போராட்டத்தில் நாங்களும் நின்றோம், பட்டினியும் கிடந்தோம். ஆனால் செக்கிங் ஒரு தொழில், அதற்குக் கற்ற கண் வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெண்பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றே அதற்குப் பெயர்.

'சின்ன வீடு' பார்த்து இரண்டு வருசம் கழித்து, பக்கத்து வீட்டிலிருந்து படிக்க வாங்கிய ஒரு பழைய வாரப் பத்திரிகையில், டைட்டிலில் பார்த்த பெயருக்கு உரியவரின் புகைப்படம் இருந்தது. கேமராவின் கண்ணில் தன் கண்ணை வைத்தபடி ஒரு பெண். கீழே அதே பெயர். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் அக்காவிடம் ஓடினேன். "ராசிக்குப் போட்ட பேரு இல்லைங்க்கா. அவங்களேதான்." அக்கா படத்தை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, பீஸ் பார்ப்பது போல ஓரம் வரைக்கும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் வாயில் ஒரு சிரிப்பு இருந்தது.

விஜயலட்சுமி யார் என்று நான் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' எடுத்த பி.ஆர்.பந்துலுவின் மகள். பெரிய வீட்டுப் பெண்தானே, அவருக்கு என்ன கஷ்டம் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். பந்துலு 1974இல் காலமாகிவிட்டார். மகள் கேமராப் பக்கம் வந்தது 1980இல், தந்தை இல்லாத காலத்தில். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' எடுக்கப்பட்ட காலம் அது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காக அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. இருக்கிற வெளிச்சத்தை மதித்து, அதை அழிக்காமல் படம் பிடிக்கும் கை அவருடையது. அப்படிப்பட்டவரிடம் ஐந்து வருசம் கற்றுக்கொண்டு 'சின்ன வீடு' படத்தில் தனியாக நின்றார் விஜயலட்சுமி. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பத்திரிகைகள் எழுதின.

அதே 1980இல்தான் அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம், தொடங்கி அறுபது வருசம் கழித்து, முதல் தடவையாக ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் பெயர் பிரையன் மர்ஃபி. தொலைக்காட்சித் தொடர்களில் நிறைய உழைத்தவர். கோடம்பாக்கமும் ஹாலிவுட்டும் இந்த ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் கண் விழித்திருக்கின்றன.

அந்தக் காலத்து ஒளிப்பதிவு என்ன வேலை என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சாயப்பட்டறையை வைத்துத்தான் புரியவைக்கிறேன். பிலிம் ஒரு நிமிசத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரோல் 11 நிமிசத்தில் தீர்ந்துவிடும். ஓடிய ரோல் லேபுக்குப் போய்க் கழுவி வந்து திரையில் போட்டுப் பார்க்கும் வரைக்கும் எடுத்தது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. லைட் மீட்டரில் அளந்து, மனசில் கணக்குப் போட்டு, இது இப்படித்தான் வரும் என்று கேமராக்காரர் நம்ப வேண்டும். சாயத் தொட்டியிலும் அப்படித்தான். ஈரத்தில் துணி அடர்த்தியாகத் தெரியும். உண்மையான ஷேடு காய்ந்த பிறகுதான் வரும். துணி வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட நிற மாதிரித் துண்டு, லேப் டிப் என்பது, கையில் இருக்கும். ஈரத் துணியைப் பார்த்து, காய்ந்தால் அந்தத் துண்டோடு இது சேருமா சேராதா என்று மாஸ்டர் சொல்வார். சேராவிட்டால் அத்தனை கிலோவும் மறுபடி தொட்டிக்குப் போகும். விஜயலட்சுமி 'சின்ன வீடு' எடுத்தபோது நூறு பேர் நிற்கும் செட்டில் அப்படிச் சொல்ல வேண்டியவர் அவர். தவறினால் ஒரு ரோல் போச்சு என்பதோடு நிற்காது. பெண்ணை நம்பினோம் பார் என்ற பேச்சும் சேர்ந்து வரும். அந்தச் சுமை மற்ற ஒளிப்பதிவாளர்களுக்கு இல்லை.

அந்தப் படத்தை நான் பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன். பருமனாக இருக்கும் மனைவி பிடிக்காமல் வேறொருத்தியைத் தேடிப் போகும் ஆணின் கதை. மனைவியாகக் கல்பனா. அவர் உடம்பை வைத்துப் படத்தில் எவ்வளவோ கேலி. இப்போது பார்க்கும்போது அது எனக்கு வலிக்கிறது. அந்த வசனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த முகத்துக்கு வெளிச்சம் வைத்து, ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பெண் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். கதை கல்பனாவுக்கு அநியாயம் செய்த இடங்களிலும் வெளிச்சம் அவருக்கு அநியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம். செக்கிங்கில் இருந்த என் கண் சொல்வது அது.

எனக்கு 1991இல் கல்யாணம். வீட்டுக்காரர் பி.என். ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அடுத்த வருசம் வீடியோ கேமரா வாங்கினோம். தோளில் வைத்துப் பிடிக்கும் பானாசோனிக், விஎச்எஸ் கேசட் போடுவது. கடன் வாங்கித்தான் வாங்கினோம். அந்தக் கடனுக்கு ராசியாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோவுக்கு என் பெயரை வைத்தார். அவர் கேமரா, நான் லைட். 1000 வாட் விளக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒயரை இன்னொரு பையன் சுருட்டிக்கொண்டு வர, முகூர்த்தம் முடியும் வரைக்கும் நிற்பேன். சூட்டில் புருவ முடி கருகும். விளக்கைத் தாழ்த்தினால் மணப்பெண்ணின் மூக்குக்கு மேல் நிழல் ஏறும், உயர்த்தினால் கண் குழிவிழும். நெற்றிக்கு ஒரு முழம் மேலே, சற்று இடப்பக்கம் தள்ளிப் பிடித்தால் முகம் நன்றாக இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பீஸைச் சாய்த்துப் பிடித்த கைக்கு அது தெரிந்திருந்தது.

கேமரா என் தோளுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு தெரட்டிச் சீர், வயதுக்கு வந்த பெண்ணுக்குச் செய்யும் சடங்கு. பெண்பிள்ளைக்குச் சடங்கு நடக்கும் உள்ளறைக்குள் ஆண்களை விடமாட்டோம் என்று அந்த வீட்டு ஆத்தா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "அம்மிணி, நீயே உள்ள வந்து புடி சாமி" என்றார். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளே போய் அந்தக் கறுப்பு வெள்ளைச் சின்னத் திரையில் கண்ணை வைத்ததும், செக்கிங் மேசைக்கே திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. சரியில்லாத இடம் தானே வந்து கண்ணில் குத்தியது. ஓரத்தில் யாரோ மாட்டிவைத்த பால் தூக்கு, பின்னால் ஜன்னலின் வெயில், குழந்தையின் கன்னத்தில் வழிந்த எண்ணெய்.

அதற்குப் பிறகு உள்ளறைச் சீரெல்லாம் எனக்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்யாணமும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவருடைய உடன்பிறந்தாளும் இணைந்து நிற்கும் சடங்கு. சீர்களைச் செய்துவைக்கும் பெரியவரான அருமைக்காரர் முன்நின்று நடத்துவார். ஆண்கள் எடுத்த வீடியோக்களில் கேமரா மாப்பிள்ளை மேலேயே இருக்கும். நான் அந்தத் தங்கையின் முகத்துக்குப் போவேன். பிறந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்பதை அந்த ஒரு நாளில் அவள் தெரிந்துகொள்கிறாள். அந்த முகத்தில் நடப்பது முகூர்த்தத்தில்கூட நடக்காது. பிற்பாடு, கேசட் வாங்கிப் போன வீடுகளில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகப் பெண்கள் சொல்வார்கள்.

வெள்ளை பார்த்த கண் அங்கேயும் கைகொடுத்தது. கேமராவுக்கு வெள்ளை எது என்று முதலில் காட்ட வேண்டும். மற்றவர்கள் எதிரில் இருக்கும் வேட்டியையோ பளிச்சென்ற பனியன் துணியையோ காட்டிவிடுவார்கள். காலை வெயிலில் டினோபால் போட்ட வெள்ளை நீலம் தட்டும். கேமரா அதைச் சரிசெய்கிறேன் என்று நீலத்தைக் குறைத்து, முகங்களை மஞ்சளாக்கிவிடும். நான் பையில் ஒரு முழம் ஆர்எஃப்டி துணி வைத்திருப்பேன். அதைக் காட்டித்தான் வெள்ளை வைப்பேன். இன்றும் அந்தத் துணி என் பையில் இருக்கிறது. பழசானால் கம்பெனியில் கேட்டுப் புதுசு வாங்கிக்கொள்வேன். ஆட்டோ ஐரிஸ் இன்னொரு தொல்லை. வெள்ளை வேட்டிக் கூட்டத்தைப் பார்த்ததும் கேமரா தானே துவாரத்தைச் சுருக்கிக்கொள்ளும், நம் ஊர் முகங்கள் கறுத்துப்போகும். முதலில் முகத்துக்கு அருகில் போய் அளவை நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம்தான் பின்னால் வருவேன்.

நான் தனியாக முழுசாக எடுத்த முதல் கல்யாணத்துக்குப் பாதிப் பணம்தான் வந்தது. பொம்பளை புடிச்ச வீடியோவுக்கு முழுக் காசா என்று கேட்டார்கள். கேசட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சண்டைக்குப் போகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கும் அந்தப் பாதிக் கூலிதான் பேசப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஸ்டுடியோ பலகையில் என் பெயர், கேசட் உறையில் என் பெயர், எடுத்ததும் நான். ஆனால் ஊரில் எல்லாரும் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார், ராசிக்குப் பொண்டாட்டி பெயர் வைத்திருக்கிறார் என்றே பேசினார்கள். என் கண் முன்னாலேயே பேசினார்கள். அப்போதெல்லாம் 'சின்ன வீடு' இடைவேளைதான் ஞாபகம் வரும்.

1995இல் 'பாட்டு பாடவா' வந்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியம், ரகுமான் நடித்தது, இசை இளையராஜா. இயக்கம் பி.ஆர்.விஜயலட்சுமி என்று திரையில் வந்தபோது அருகில் இருந்த பெண்ணின் தொடையில் தட்டினேன். அதற்கப்புறம் அவர் பெயர் சினிமாவில் காணவில்லை. தொலைக்காட்சிக்குப் போய்விட்டார் என்றார்கள். 'மாயாவி மாரீசன்', 'வேலன்' போன்ற தொடர்களில் வேலை செய்தார், பிறகு சரிகம நிறுவனத்தில் தொலைக்காட்சித் தயாரிப்புப் பொறுப்புக்குப் போனார். "சினிமாவ உட்டுட்டாங்க" என்று சொல்பவர்களின் குரலில், தோற்றுப்போனவரைப் பற்றிப் பேசும் தொனி இருக்கும்.

எனக்கு அந்தத் தொனி பழக்கமானது. திருப்பூரில் நல்லாத் தைக்கும் பெண் டெய்லர்கள் இப்போது எவ்வளவோ பேர். கல்யாணம், குழந்தை என்று இரண்டு வருசம் மேசையை விட்டு எழுந்துவிட்டால் திரும்பி வரும்போது அந்த மேசையில் வேறு ஆள் இருக்கும். அவள் கை மடிக்கவோ பேக்கிங்குக்கோ போவாள், குறைந்த கூலிக்கு. அவள் தையலை மறந்துவிடவில்லை. அவள் வந்து போகும் நேரத்துக்கு அந்த மேசை ஒத்துவரவில்லை. சினிமாவில் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, எந்த ஊரில் எத்தனை நாள் என்று தெரியாமல் போக வேண்டும். அதற்கு ஈடுகொடுக்கும் வீட்டு ஏற்பாடு ஆண்களுக்குத் தானாக அமைந்துவிடுகிறது, பெண்களுக்கு அமைவதில்லை. விஜயலட்சுமியின் முடிவுக்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவருக்குத்தான் தெரியும். ஆனால் தொலைக்காட்சியை இறக்கம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தமிழ்நாட்டு வீடுகளில் பெண்கள் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்த்தது அந்தப் பெட்டியைத்தான்.

நானும் அந்தப் பக்கம் போனவள்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஊருக்கு ஊர் கேபிள் சேனல் வந்தபோது, தேர்த் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, வார்டு கூட்டம் எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மினி டிவி (MiniDV) கேமரா வந்ததும் எங்கள் ஊர் நொய்யல் ஆற்றை எடுத்தேன். எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறதோ அந்தக் கலரில் ஆறு ஓடிய காலம் அது. ஷேடு கார்டை வைத்து ஆற்றின் நிறத்துக்குப் பேர் சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். ஊரில் காசு ஓடவில்லை. கல்யாணங்கள் சுருங்கின. எனக்கு அந்த வருசம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வேலை. ஆற்றின் அந்த டேப்புகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு அவை கல்யாணக் கேசட்டுகளைவிடப் பெரியவை.

2018இல் 'அபியும் அனுவும்' வந்தது. டோவினோ தாமஸ், பியா பாஜ்பாய் நடித்த படம். இயக்கம் பி.ஆர்.விஜயலட்சுமி. 'பாட்டு பாடவா'வுக்கு அப்புறம் 23 வருசம். இந்தத் தடவை டைட்டில் வந்தபோது கூட வந்தவர்கள் யாருக்கும் நான் எதையும் விளக்கவில்லை. இருட்டில் கொஞ்சம் அழுதேன்.

அதே வருசம் ஆஸ்கர் ஒளிப்பதிவு விருதுப் பட்டியலில் முதல் தடவையாக ஒரு பெண்ணின் பெயர் வந்தது, 'மட்பவுண்ட்' படத்துக்காக ரேச்சல் மோரிசன். அது 90ஆவது ஆஸ்கர் விழா. நம் நாட்டில் 'குட்டி ஸ்ராங்க்' படத்துக்காக அஞ்சுலி சுக்லா அதற்கு முன்பே தேசிய விருது வாங்கிவிட்டார். அந்த விருதை வாங்கிய முதல் பெண் ஒளிப்பதிவாளர் அவர்தான். ஃபௌசியா பாத்திமாவை எனக்கு மிகவும் பிடிக்கும். 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர் மை ஃப்ரெண்ட்' அவர் எடுத்ததுதான். பெண் ஒளிப்பதிவாளர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று முன்னின்றவர்களில் ஒருவர். ப்ரீதா ஜெயராமன் 'கண்ட நாள் முதல்', 'அபியும் நானும்' எடுத்தார். யாமினி யக்ஞமூர்த்தி 'சாணிக் காயிதம்' எடுத்தார். அந்தப் படத்தின் ரத்தத்தையும் வெயிலையும் பார்த்தவர்கள், பெண் கண் மென்மையானதை மட்டும்தான் எடுக்கும் என்று இனிப் பேச முடியாது.

ஆனால் பெயர்களை இப்படி விரல் மடக்கிச் சொல்ல முடிகிறதே, அதுதான் என் மனக்குறை. 'சின்ன வீடு' வந்து 40 வருசம். அன்றைக்குப் பெண்களால் முடியாது என்பதற்கு எல்லாரும் சொன்ன காரணம் கேமராவின் கனம். பனியன் கம்பெனியில் துணி ரோலைத் தோளில் சுமந்து மாடி ஏறும் பெண்களைப் பார்த்தவளுக்கு அந்தக் காரணம் அன்றைக்கே ஒட்டவில்லை. இன்றைக்குக் கேமரா ஒரு சாப்பாட்டுத் தூக்கின் கனத்துக்கு வந்துவிட்டது. கனம்தான் காரணம் என்றால் இந்நேரம் பாதிப் படங்களைப் பெண்கள் எடுத்திருக்க வேண்டும். கேமராவைத் தூக்க முடியுமா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தக் கண்ணை நம்பிப் பணத்தைப் போடலாமா என்ற தயக்கம்தான் அன்றும் இன்றும் நடுவில் நிற்கிறது. எங்கள் ஊரிலோ கப்பலேறும் ஒவ்வொரு பீஸும் ஒரு பெண்ணின் கண்ணை நம்பித்தான் போகிறது. அவள் பாஸ் என்று போட்டால்தான் பெட்டியை ஒட்டுவார்கள். அந்த நம்பிக்கைக்கு உண்டான கூலியைத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

இப்போது என் வேலை பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு. வெளிநாட்டு பையருக்குக் காட்டத் தொழிற்சாலையைப் படம் பிடித்துத் தர வேண்டும். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் முழுச் சம்பளம். முன்பெல்லாம் கேமராவுக்குள் என்ன தெரிகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது மானிட்டர் இருக்கிறது. முதலாளி, மேனேஜர், மெர்ச்சண்டைசர் எல்லாரும் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

போன வருசம் அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதியை எடுத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க பையர், நொடிக்கு 30 பிரேமில் வேண்டும் என்று கேட்டிருந்தார். மேசைகளில் இப்போது உள்ளூர்ப் பெண்கள் குறைவு. ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள்தான் அதிகம். தூக்கி வைத்த மானிட்டரைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று, அருமையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வயசு 55 ஆகிறது. சாளேசுரக் கண்ணாடி போட்டுத்தான் மானிட்டர் பார்க்கிறேன்.

பீஸைத் திருப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்த ஒரு ஒடிசாப் பெண் சொன்னாள், "அக்கா, பட்டை ஓடுது."

மேனேஜர் அவள் கையில் இருந்த பீஸை வாங்கப் போனார். "இதுல இல்ல சார். அதுல" என்று மானிட்டரைக் காட்டினாள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். டியூப் லைட்டின் துடிப்பு, மெலிதாக, குறுக்குப் பட்டை பட்டையாகப் படத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. துணியில் நிட்டிங் பட்டை ஓடுவது போலவே. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான் 30 பிரேமுக்கு ஏற்ப ஷட்டரை 60இல் வைத்திருந்தேன். இத்தனை வருச அனுபவத்தில் நான் விட்டதை, சுற்றி நின்ற அத்தனை பேரும் விட்டதை, மேசையில் உட்கார்ந்து பத்தடி தூரத்திலிருந்து அவள் பிடித்துவிட்டாள்.

ஷட்டரை 50க்கு மாற்றினேன். "இப்பப் பாரு கண்ணு."

கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

"பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.